தபால் பெட்டியில் பெயர், தேர்வுப் பட்டியலில் பெயர்

ஜெர்மனியில் முதுகலை படிக்கக் கிளம்புபவர்களுக்கு ஊரில் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் குளிரையும் சாப்பாட்டையும் சுற்றியே இருக்கும். இரண்டும் உண்மையான கவலைகள்தாம். ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையும் முதல் பருவத்தில் (செமஸ்டரில்) தடுமாற வைப்பவை வேறு இரண்டு. ஒன்று, வாசல் தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லாமல் போவது. மற்றது, தேர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாமல் போவது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. இங்கே யாரும் உங்களைத் தேடி வந்து நினைவூட்ட மாட்டார்கள். நம் கல்லூரிகளில் தேர்வுக் கட்டணம் கட்டத் தவறினால் டிபார்ட்மென்டிலிருந்து போன் வரும், வகுப்பு வாட்ஸ்ஆப் குழுவில் பெயர் போட்டுக் கூப்பிடுவார்கள். இங்கே விதி எழுத்தில் இருக்கும், தேதி இணையதளத்தில் இருக்கும். பார்த்துக்கொள்ள வேண்டியது நீங்கள்.

2023-24 குளிர்காலப் பருவத்தில் ஜெர்மன் உயர்கல்வி நிறுவனங்களில் 49,000-க்கும் அதிகமான இந்தியர்கள் படித்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களுக்கே முதலிடம். ஆகவே பெரும்பாலான பல்கலைக்கழக ஊர்களில் தமிழ் பேசும் சீனியர் ஒருவர் கிடைத்துவிடுவார். அவர் உதவி பெரிது. ஆனால் தேதிகளையும் தேர்வு விதிகளையும் மட்டும் அவர் வாயால் கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஒரே துறையில்கூட அவர் சேர்ந்த ஆண்டின் விதி வேறாகவும் உங்களுடையது வேறாகவும் இருக்கலாம்.

முகவரி என்கிற முதல் கண்ணி

வந்து இறங்கியதும் செய்ய வேண்டியவை எல்லாம் ஒரு சங்கிலி. முதல் கண்ணி முகவரிப் பதிவு. ஜெர்மனில் ஆன்மெல்டுங். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. பெரிய ஊர்களில் இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைப்பதே கடினம். அதனால் வீடு உறுதியானவுடனேயே, விமானம் ஏறும் முன்பே, நேரம் பதிவு செய்துவிடுங்கள். பதிவு செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருந்தால், தாமதம் உங்கள் தவறல்ல என்று காட்ட அது உதவும்.

கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, பூர்த்தி செய்த படிவம், இவற்றோடு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று. இந்தக் கடைசித் தாள்தான் பிரச்சினை. வாடகை ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சில அறைகளின் விளம்பரத்தில் ‘ஆன்மெல்டுங் முடியாது’ என்று சின்னதாக ஒரு வரி இருக்கும். அந்த அறையை எடுத்தால் தங்க இடம் கிடைக்கும், சட்டப்படி முகவரி கிடைக்காது. மூன்று மாதம் கழித்து நல்ல வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த மூன்று மாதமும் மற்ற கண்ணிகள் எல்லாம் நின்றுபோகும். அதற்காக நண்பர் வீட்டு முகவரியில் பெயருக்குப் பதிந்துகொள்வதும் வேண்டாம். குடியிருக்காத ஒருவருக்கு முகவரி கொடுப்பவர் மீது 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் வழி உண்டு. உதவி செய்ய வந்த நண்பரை அப்படிச் சிக்க வைக்கக் கூடாது.

பதிந்த கையோடு செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கு ஐந்து நிமிடம் போதும்: தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் பெயரை ஒட்டுங்கள். இங்கே அறை எண்ணைப் பார்த்துத் தபால் போட மாட்டார்கள், பெயரைத்தான் பார்ப்பார்கள். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில் வரும், அதன் ரகசிய எண் வேறொரு நாளில் வேறொரு கடிதத்தில் வரும். மருத்துவக் காப்பீட்டு அட்டை, 11 இலக்க வரி எண், குடியிருப்பு அட்டைக்கான ரகசிய எண், எல்லாம் தபால்தான். பாஸ்போர்ட்டில் முழுப்பெயராக அப்பா பெயரும் சேர்ந்து வருகிற நம் பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் சிக்கல். கடிதம் எந்தப் பெயருக்கு வரும் என்று தெரியாது. இயற்பெயர், அப்பா பெயர் இரண்டையும் பெட்டியில் எழுதிவிடுங்கள். விசாவில் இருக்கும் அதே பெயர் வரிசையை வங்கி, காப்பீடு, பல்கலைக்கழகம் எல்லா இடத்திலும் கொடுங்கள்; ஓரிடத்தில் முன்பின் மாறினால் அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் போய்விடும்.

வரி எண் வராமல் வேலையில் சேர்ந்தால் முதலாளி உங்களை ஆறாம் வரி வகுப்பில் வைத்து வரியை அதிகமாகப் பிடிப்பார். பிறகு திரும்பப் பெறலாம், ஆனால் கைப்பணம் தேவைப்படுகிற மாதத்தில் அது இருக்காது. மஞ்சள் நிற உறையில் வரும் கடிதத்தை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். அது சட்டபூர்வமாகக் கையளிக்கப்பட்ட கடிதம். உறை மீது தபால்காரர் எழுதிய தேதியிலிருந்தே கெடு ஓடத் தொடங்கும், நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. உறையையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

முதல் மாதப் பணக் கணக்கு

விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்டில் போட்ட தொகை, 2024 செப்டம்பர் முதல், ஆண்டுக்கு 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே கைக்கு வரும். வீட்டில் கடன் வாங்கிப் போட்ட பணம் முழுக்க அங்கே இருந்தாலும், அவசரம் என்று மொத்தமாக எடுக்க முடியாது. அந்த 992-ம் நீங்கள் இங்கே வங்கிக் கணக்கு திறந்து, ஆவணம் அனுப்பி, கணக்கைச் செயல்படுத்திய பிறகுதான் வரும். சில நாளிலும் முடியலாம், சில வாரமும் ஆகலாம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அறையின் வெற்று வாடகை 350 என்று வைத்துக்கொள்வோம். முன்பணமாக மூன்று மாத வெற்று வாடகை வரை கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது: 1,050. வெப்பம், தண்ணீர் எல்லாம் சேர்த்து முதல் மாத வாடகை 430. காப்பீடு 150-ஐ ஒட்டி. இன்னும் போர்வை வாங்கவில்லை, பாத்திரம் வாங்கவில்லை, அதற்குள் 1,600 யூரோவைத் தாண்டிவிட்டது. ஆகவே பிளாக்டு அக்கவுன்டை நம்பாமல் தனியாகக் குறைந்தது 2,000 யூரோவாவது ஃபாரெக்ஸ் கார்டிலும் ரொக்கமாகவும் கொண்டுவருவது நல்லது. வாடகையைப் பார்க்கும்போது ‘கால்ட்’ என்றால் வெற்று வாடகை, ‘வார்ம்’ என்றால் வெப்பம் உள்ளிட்டது. ‘வார்ம்’ என்று போட்டிருந்தாலும் மின்சாரமும் இணையமும் அதில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் சேராது.

நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். ‘நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், முதலில் பணம் போடுங்கள்’ என்று எழுதுபவர் மோசடிக்காரர். படம் அழகாக இருக்கும், வாடகை ஊர் நிலவரத்தைவிடக் குறைவாக இருக்கும், பாஸ்போர்ட் நகலைக்கூட அனுப்பிக் காட்டுவார். மாணவர் விடுதிகளை நடத்துவது ஷ்டுடீரெண்டன்வெர்க் என்ற அமைப்பு. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அதில் விண்ணப்பம் போடுங்கள். மியூனிக் போன்ற ஊர்களில் காத்திருப்பு பல மாதங்களுக்கு நீளும். கெம்னிட்ஸ், இல்மெனாவ், மாக்டெபுர்க் போன்ற ஊர்களில் இடம் எளிதாகக் கிடைப்பதோடு வாடகையும் குறைவு. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ஊரின் வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தரவரிசையில் பத்து இடம் மேலே இருப்பதற்காக மாதம் 400 யூரோ கூடுதலாக வாடகை கட்டி, அதைச் சம்பாதிக்க இரவு வேலைக்குப் போய், தேர்வில் கோட்டைவிடுவது யாருக்கும் நல்லதல்ல.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு பல்கலைக்கழகச் சேர்க்கைக்குச் செல்லாது. 30 வயதுக்குள் இருந்தால் அரசுசார் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு. அந்த நிறுவனமே பல்கலைக்கழகத்துக்கு மின்னணு முறையில் தகவல் அனுப்பும். மலிவாக இருக்கிறது என்று தனியார் காப்பீட்டுக்குப் போய், அரசுசார் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றுவிட்டால் படிப்பு முடியும் வரை மாணவர் கட்டணத்துக்குத் திரும்ப முடியாது. இந்த முடிவை ஏஜென்ட் எடுக்க விடாதீர்கள்.

முகவரி பதிந்த சில வாரத்தில் வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். டிவியே இல்லையே என்று கிழித்துப் போட வேண்டாம். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. நான்கு பேர் சேர்ந்து இருக்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், மற்ற மூவரும் அவருடைய கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். பதில் எழுதாமல் இருந்தால் பழைய பாக்கி முழுவதும் அபராதத்தோடு சேர்ந்து வரும்.

விசா காலாவதி ஆகும் முன் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். சந்திப்பு நேரம் மாதக்கணக்கில் தள்ளிப் போகலாம், அதில் பதற வேண்டாம். விண்ணப்பம் உரிய தேதிக்குள் போயிருந்தால் பழைய அனுமதி முடிவு வரும்வரை தொடரும்; அதற்கு ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். ஊருக்குப் போய்த் திரும்பும் எண்ணம் இருந்தால் அந்தச் சான்றில் எந்தச் சட்டப்பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் திரும்பி வரலாம், 3-ஆம் உட்பிரிவு என்றால் முடியாது.

இன்டர்னல் மார்க் இல்லாத ஊர்

இனி பாடம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் பொறியியல் கல்லூரிகளில் ஒரு பாடத்தின் மதிப்பெண்ணில் ஒரு பகுதி இன்டர்னல். மாதிரித் தேர்வு, அசைன்மென்ட், வருகைப்பதிவு என்று பருவம் முழுக்கச் சிறிது சிறிதாகச் சேரும். கடைசியில் ஸ்டடி ஹாலிடேஸில் உட்கார்ந்து முக்கியமான கேள்விகளைப் படித்தால் கரையேறிவிடலாம். போய்விட்டால் அரியர் இருக்கிறது, அடுத்த முறை எழுதலாம். இந்த மூன்று பழக்கமும் இங்கே ஒரே சமயத்தில் கைவிடும்.

பெரும்பாலான பாடங்களில் பருவம் முடிந்து நடக்கும் ஒரே தேர்வுதான் மொத்த மதிப்பெண். விரிவுரைக்கு வருகைப்பதிவு பெரும்பாலும் கிடையாது. அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கும், பிப்ரவரி முற்பாதியில் முடியும். நான்கு மாதம் யாரும் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்த அமைதியைப் பார்த்துப் பாடம் எளிது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

எவ்வளவு படிக்க வேண்டும் என்பதை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் பாடவிவர ஏட்டில் கிரெடிட் போட்டிருக்கும். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது அளவு. 6 கிரெடிட் பாடம் என்றால் 180 மணி நேரம் வரை. அதில் வகுப்பில் உட்காரும் நேரம் சுமார் 60. மிச்சம் 120 மணி நேரம் நீங்கள் தனியாகப் படிக்க வேண்டியது. 15 வாரத்துக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்கு வாரம் 8 மணி. ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட், அதாவது இப்படி ஐந்து பாடம் எடுத்தால் வகுப்பு நேரம் போக வாரம் 40 மணி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு வாரம் 20 மணி நேர வேலைக்குச் சேரலாமா என்று முடிவெடுங்கள். முதல் பருவத்தில் மூன்று அல்லது நான்கு பாடம் போதும். இரண்டு ஆண்டுப் படிப்பை இரண்டரை ஆண்டில் முடிப்பவர்கள் இங்கே ஏராளம், ஜெர்மன் மாணவர்கள் உள்பட. அதில் எந்த வெட்கமும் இல்லை.

விரிவுரையோடு ‘யூபுங்’ என்ற பயிற்சி வகுப்பு இருக்கும். வாரம் ஒரு கணக்குத்தாள். சில பாடங்களில் அந்தத் தாள்களில் பாதி மதிப்பெண் எடுத்தால்தான் தேர்வெழுதவே அனுமதி. சில பாடங்களில் அது கட்டாயமில்லை, கட்டாயமில்லாத இடத்தில்தான் நம் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். தேர்வுக் கேள்வி விரிவுரையின் ஸ்லைடிலிருந்து அப்படியே வராது. கணக்குத்தாளில் வந்த முறையைப் புதிய இடத்தில் பயன்படுத்தச் சொல்லும். வரையறை எழுது, படம் வரை, ஐந்து பயன்களைச் சொல் என்ற வகைக் கேள்விகள் குறைவு. மனப்பாடம் செய்தவர் 90 நிமிடத்தில் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவார்.

பழைய கேள்வித்தாள்கள் துறையின் மாணவர் பேரவையிடம் இருக்கும். ‘ஃபாக்ஷாஃப்ட்’ என்று கேளுங்கள். பல துறைகளில் அவர்களே தொகுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றை டிசம்பரிலேயே ஒன்று எடுத்து, நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். பிப்ரவரியில் எடுத்தால் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்தது பதிவு. பாடத்துக்குப் பதிவு செய்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இதில் ஏமாறுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. பாடத்தளத்தில் பெயர் இருக்கிறது, கோப்புகள் தரவிறங்குகின்றன, பயிற்சித்தாளும் திருத்தி வருகிறது. ஆனால் தேர்வு அலுவலகத்தின் தளத்தில் தனியாகப் போய்ப் பதியாவிட்டால் தேர்வு அறையில் உங்களுக்கு இடமில்லை. அந்தப் பதிவு சில இடங்களில் நவம்பரிலேயே திறந்து மூடிவிடும். கெடு முடிந்த மறுநாள் கெஞ்சினாலும் பலனிருக்காது, அங்கிருக்கும் அலுவலர் கல்நெஞ்சர் என்பதால் அல்ல, விதியை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை என்பதால். பதிந்த பிறகு பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.

பதிந்துவிட்டுத் தயாரில்லை என்று தோன்றினால், விலகுவதற்கும் ஒரு கெடு உண்டு. அதற்குள் விலகினால் ஒன்றும் ஆகாது. விலகாமல் தேர்வுக்குப் போகாமல் இருந்தால் 5.0, அதாவது தோல்வி. உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், தேர்வெழுத இயலாது என்ற சான்றை வாங்கி உடனே அனுப்ப வேண்டும். இரண்டு நாள் கழித்து வாங்கிய சான்றை ஏற்க மாட்டார்கள்.

இங்கே மதிப்பெண் தலைகீழ். 1.0 மிகச் சிறப்பு, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. தேர்ச்சி பெற்ற பாடத்தை மதிப்பெண் கூட்டுவதற்காகத் திரும்ப எழுதப் பொதுவாக விடமாட்டார்கள். அரைகுறையாகத் தயாராகிப் போய் 3.7 வாங்கினால் அது பட்டச் சான்றிதழில் அப்படியே நிற்கும். ஆகவே விலகும் கெடுவுக்கு முந்தின நாள் ஒரு பழைய கேள்வித்தாளை எழுதிப் பார்த்து முடிவெடுப்பது மிகப் பயனுள்ள பழக்கம்.

தோல்விக்கும் எல்லை உண்டு. பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு. கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போய்விட்டால் படிப்பிலிருந்தே நீக்கம். அதே பாடப்பிரிவை ஜெர்மனியில் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாத நிலை வரும். குடியிருப்பு அனுமதி படிப்போடு கட்டப்பட்டிருப்பதால் அதுவும் ஆட்டம் காணும். அரியர் என்ற சொல்லை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். முதல் முறை தோற்றால் உடனே செய்ய வேண்டியது, விடைத்தாளைப் பார்க்கப் போவது. முடிவு வந்த பிறகு ‘ஐன்ஸிஹ்ட்’ என்று ஒரு நாள் அறிவிப்பார்கள். திருத்திய தாளை நேரில் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், கூட்டல் பிழை இருந்தால் அங்கேயே சரியாகும். நம் ஊர் ரிவேல்யூவேஷன் போலப் பணம் கட்ட வேண்டியதில்லை. மதிப்பெண் கூடாவிட்டாலும் எங்கே சறுக்கினோம் என்று தெரியும். கூச்சப்பட்டுப் போகாமல் இருக்கிறவர்கள்தாம் இரண்டாம் முறையும் அதே தவறைச் செய்கிறார்கள்.

பேராசிரியரும் கட்டுரையும்

அட்டவணையில் ‘10 சி.டி.’ என்று இருந்தால் வகுப்பு 10.15-க்கு. ‘எஸ்.டி.’ என்றால் சொன்ன நேரத்துக்கே. வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள், அது கைதட்டலுக்குப் பதில்.

பேராசிரியருக்கு எழுதும்போது பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து, மாணவர் எண், பாடத்தின் பெயர், ஒரே ஒரு தெளிவான கேள்வி என்று எழுதுங்கள். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி அரைப்பக்கம் வணக்கம் வைத்தால் கேள்வி எங்கே என்று அவருக்குத் தெரியாது. பாடச் சந்தேகத்துக்கு முதலில் பயிற்சி வகுப்பு நடத்தும் உதவியாளரைப் பாருங்கள். விரிவுரையில் ஆசிரியர் சொன்னதை மறுத்துக் கேட்பது அவமரியாதை ஆகாது, காரணத்தோடு கேட்டால் மதிப்புக் கூடும். ‘புரிந்ததா’ என்று அவர் கேட்டதும் பழக்கத்தில் தலையாட்டிவிடாதீர்கள். நாம் பக்கவாட்டில் ஆட்டுவதை அவர்கள் ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்வதும் உண்டு.

கட்டுரைகளில் பிறர் வரிகளை மேற்கோள் இல்லாமல் எடுப்பதை இங்கே மிகக் கடுமையாகப் பார்க்கிறார்கள். கல்வி, ஆராய்ச்சி அமைச்சராக இருந்த அன்னெட் ஷாவனின் முனைவர் பட்டத்தை டுசெல்டோர்ஃப் பல்கலைக்கழகம் 2013-இல் இதே காரணத்துக்காகப் பறித்தது; அவர் பதவி விலகினார். 2011-இல் பாதுகாப்பு அமைச்சர் கார்ல்-தியோடோர் சு குட்டன்பெர்கும் இதனால்தான் போனார். அமைச்சருக்கே அந்த நிலை. ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் ‘இது என் சொந்த வேலை’ என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை எந்த அளவு பயன்படுத்தலாம் என்பதை ஒவ்வொரு பாடத்திலும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள், ஒரு துறையில் அனுமதித்தது இன்னொன்றில் தடையாக இருக்கும்.

வேலை

2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும் ‘ஹிவி’ எனும் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. சம்பளம் சுமார்தான், ஆனால் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பும் வழிகாட்டியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் அமைகின்றன. குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. அதற்குக் கீழே ரொக்கமாகத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். கணக்கில் வராத வேலை பிடிபட்டால் குடியிருப்பு அனுமதிக்கே ஆபத்து. உணவு கொண்டுசேர்க்கும் வேலையில் சேரும் முன் அது சம்பள ஒப்பந்தமா, சுயதொழிலா என்று பாருங்கள். மாணவர் அனுமதியில் தனி ஒப்புதல் இல்லாமல் சுயதொழில் செய்யக் கூடாது.

பாடம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தாலும் வேலை, வீடு, அரசு அலுவலகம் எல்லாம் ஜெர்மனில்தான். சென்னை மாக்ஸ் முல்லர் பவனிலோ வேறெங்கோ குறைந்தது முதல் இரண்டு நிலைகளை முடித்துவிட்டு வாருங்கள். இங்கே பல்கலைக்கழக மொழி மையத்தில் வகுப்பு இலவசம் அல்லது மலிவு, அதனாலேயே பதிவு திறந்த சில நிமிடத்தில் இடம் தீர்ந்துவிடும்.

குளிர், இருட்டு, அடுப்பு

குளிருக்கு உடை இருக்கிறது. இருட்டுக்குத்தான் நாம் தயாராக வருவதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைப்பார்கள், ஊரோடு நேர வித்தியாசம் மூன்றரையிலிருந்து நாலரை மணியாகும். டிசம்பரில் பெர்லினில் சூரியன் காலை 8.15-க்கு எழுந்து மாலை நான்கு மணிக்குள் மறைந்துவிடும். தூக்கம் கலையும், எதிலும் மனம் ஒட்டாது. மதிய வெளிச்சத்தில் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். வெயிலே படாத மாதங்களுக்கு வைட்டமின் டி நாளுக்கு 20 மைக்ரோகிராம் என்பது ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகத்தின் அளவு. நம் தோலுக்கு அது இன்னும் முக்கியம். மனம் கனத்துப்போனால் ஷ்டுடீரெண்டன்வெர்க்கில் உளவியல் ஆலோசனை உண்டு. பெரும்பாலும் இலவசம், பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம், நீங்கள் சொன்னது வெளியே போகாது. அம்மாவிடம் போனில் ‘நல்லா இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு அறையைச் சாத்திக்கொள்வதைவிட அங்கே போவது எவ்வளவோ மேல். இரவிலும் விடுமுறையிலும் மருத்துவர் தேவையென்றால் 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112.

சாமான் கட்டும்போது: பால், இறைச்சி சேர்ந்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை. நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது, பொடியாக்கிக் கொண்டுவாருங்கள். மின்னழுத்தம் ஒன்றுதான், பிளக்தான் வேறு, மிக்ஸிக்கு அடாப்டர் போதும். குக்கர் வாங்கினால் இண்டக்ஷன் அடிப்பாகம் உள்ளதாக. மாவு 18 டிகிரி அறையில் ஒரு நாள் ஆனாலும் பொங்காது. ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் பொங்கும். தாளிக்கும் முன் ஜன்னலைத் திறங்கள், சில விடுதிகளில் புகை எச்சரிக்கை மணி நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும். ஜன்னலை நாளுக்கு இரண்டு மூன்று முறை முழுதாக ஐந்து நிமிடம் திறந்து மூடுவது இங்கே வீட்டுக் கடமை. குழம்பு கொதித்த ஆவியும் அறைக்குள் காயப்போட்ட துணியின் ஈரமும் சுவரில் பூஞ்சையாகும், அது வீட்டைக் காலி செய்யும்போது முன்பணத்தில் கழியும்.

ஜனவரி வந்ததும் ஒன்றை மறந்துவிடாதீர்கள். அடுத்த பருவத்துக்கு மாணவராகத் தொடர்கிறேன் என்று சொல்வதும் தானாக நடக்காது. ‘ரியூக்மெல்டுங்’ என்று பெயர். தேர்வுக்குப் படிக்கிற பரபரப்பில் இதன் கெடு வந்து போகும், பல இடங்களில் ஜனவரி அல்லது பிப்ரவரியில். பருவக் கட்டணத்தை வங்கி வழியாக அனுப்ப வேண்டும். பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களுக்கு இதோடு பருவத்துக்கு 1,500 யூரோ கல்விக்கட்டணமும் சேரும். அனுப்பும்போது குறிப்புக் கட்டத்தில் பல்கலைக்கழகம் கொடுத்த எண்ணை ஒரு இலக்கம்கூடப் பிசகாமல் எழுதுங்கள். எண் தவறினால் பணம் அவர்கள் கணக்குக்குப் போயிருக்கும், ஆனால் உங்கள் பெயரில் ஏறியிருக்காது. ஒரு வாரம் கழித்து மாணவர் தளத்தில் நுழைந்து, புதிய பருவத்துக்கான மாணவர் சான்றிதழைத் தரவிறக்கிப் பாருங்கள். அது இறங்கினால் பதிவாகிவிட்டது. இறங்கவில்லை என்றால் வங்கி ரசீதோடு அன்றைக்கே மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள்.